மொட்டுக்கு முன் தாகம், மொட்டுக்குப் பின் தண்ணீர்: தொட்டிப் பூச்செடிகளை வறட்சியில் பராமரிப்பது

ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும் சிங்கப்பூரில் பூச்செடி வறட்சியால் வாடுகிறது என்று சொன்னால் ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் சிரிப்பார்கள். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் நிற்கும் தொட்டிக்கு அந்த மழையோடு எந்த உறவும் இல்லை. அடுத்த மாடியின் தளம் அதற்குக் கூரையாக இருக்கிறது. பக்கவாட்டில் உயர்மாடிக் காற்று ஓயாமல் வீசுகிறது. மேற்குப் பார்த்த வீடாக இருந்தால் பிற்பகல் முழுவதும் வெயில் நேராக வந்து விழுகிறது. தரையில் வளரும் செடியின் வேர் ஈரம் தேடிக் கீழே இறங்கும். தொட்டிச் செடிக்கோ ஏழெட்டு லிட்டர் மண்தான் உலகம். நல்ல வெயிலும் காற்றும் சேர்ந்தால் அந்த மண்ணிலுள்ள ஈரம் தீர இரண்டு நாள் போதும்.

வானிலை ஆய்வாளர்கள் சிங்கப்பூரில் வறண்ட காலம் என்று சொல்ல வேண்டுமானால், தொடர்ந்து 15 நாளேனும் எந்த ஒரு நாளிலும் 1 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாமல் இருக்க வேண்டும். தொட்டிச் செடியின் கணக்கில் இது மிகத் தாராளமான அளவு. இருந்தாலும் ஆண்டின் எந்தப் பகுதியில் கவனம் கூட வேண்டும் என்பதை அறிய வானிலைக் கணக்கு உதவும். வடகிழக்குப் பருவக்காற்றின் மழைப் பகுதி ஜனவரியில் ஓய்ந்த பிறகு, மார்ச் மாதம் வரை காற்று மட்டும் வீசும் காய்ந்த பகுதி வருகிறது. 2014 பிப்ரவரியில் சாங்கியில் மாதம் முழுவதற்கும் சேர்த்து 0.2 மில்லிமீட்டர் மழைதான் பதிவானது. 1869ஆம் ஆண்டிலிருந்து உள்ள பதிவுகளில் அதுவரை அவ்வளவு வறண்ட மாதம் இருந்ததில்லை. விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் காற்றின் ஈரப்பதம், மழையில்லாத நாள்களின் பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடுகிறது. தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று நாம் பூவை அதிகம் தேடும் வாரங்களும் அவையாகவே அமைந்துவிடுகின்றன.

என் வீட்டுத் தாழ்வாரத்தில் காகிதப்பூச் செடி ஒன்றுக்கு மூன்று ஆண்டுகள் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன். இலை பளபளவென்று இருந்தது. பூ மட்டும் வரவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த மல்லிகைக்கு ஒரு வார இறுதியில் தண்ணீர் ஊற்ற மறந்தேன். இருபதுக்கும் மேற்பட்ட மொட்டுகள் பழுப்பேறி உதிர்ந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது எனக்குப் பிடிபடச் சில காலம் ஆனது. வறட்சி பூவுக்குப் பகையா நட்பா என்பதைச் செடியின் வகை பாதி முடிவு செய்கிறது. தாகம் எந்த நேரத்தில் வந்தது என்பது மீதிப் பாதியை முடிவு செய்கிறது. மொட்டு உருவாகும் முன் வரும் அளவான தாகத்தைச் சில செடிகள் பூப்பதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்கின்றன. மொட்டு வந்த பிறகு வரும் தாகத்தை எந்தச் செடியும் மன்னிப்பதில்லை.

செடிக்குள் நடப்பது

இலை தொங்குவதைப் பார்த்துத்தான் செடிக்குத் தாகம் என்று நாம் அறிகிறோம். ஆனால் அதற்கு வெகு முன்பே வளர்ச்சி நின்றிருக்கும். ஒரு செல் பெரிதாக வேண்டுமென்றால் அதனுள் இருக்கும் தண்ணீர் செல்சுவரை உள்ளிருந்து அழுத்தித் தள்ள வேண்டும். மண்ணில் ஈரம் குறையும்போது முதலில் தளர்வது இந்த அழுத்தம்தான். அதனால்தான் லேசாகக் காய்ந்து காய்ந்து வளர்ந்த செடியில் வாட்டம் கண்ணுக்குத் தெரியாமலே இலை சிறுத்து, கணுக்களின் இடைவெளி குறுகி, பூவின் விட்டமும் குறைந்துபோகிறது. ‘என் செம்பருத்திக்குப் போன ஆண்டு பெரிய பூ வந்தது, இந்த ஆண்டு ஏனோ சின்னதாக வருகிறது’ என்று சொல்பவர்கள் உரத்தைச் சந்தேகிக்கும் முன் தண்ணீர் ஊற்றும் இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த கட்டத்தில், காயத் தொடங்கிய வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் என்னும் ஊக்கி கூடுகிறது. அது இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீர் வெளியேறுவது குறைகிறது. ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வர வேண்டும் என்பதால் ஒளிச்சேர்க்கையும் சுருங்கிப்போகிறது. நீராவி வெளியேறுவது நமக்கு வியர்ப்பதைப் போல இலையைக் குளிர்விக்கும் வேலையையும் செய்து வந்தது. அது நின்றதும் இலையின் வெப்பம் ஏறுகிறது, ஓரங்கள் கருகுகின்றன. சர்க்கரை உற்பத்தி குறைந்த நிலையில் செடி தன் செலவைக் குறைக்கப் பார்க்கிறது. குடும்பத்தில் வருமானம் குறைந்தால் முதலில் நிற்பது விருந்து அல்லவா? செடிக்குப் பூ அப்படிப்பட்ட செலவு. எத்திலீன் வாயுவின் தூண்டுதலால் மொட்டின் காம்படியில் ஒரு பிரிவு அடுக்கு உருவாகி, மொட்டு தானாகவே கழன்று விழுகிறது. ஏற்கெனவே மலர்ந்துவிட்ட பூவின் இதழ் மெல்லியது. இழக்கும் நீரை உடனுக்குடன் ஈடுகட்ட முடியாமல் அது சுருங்கி, நிற்க வேண்டிய நாளுக்கு முன்பே வாடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று, மொட்டு உதிர்வது தாமதமாகத் தெரியும் அறிகுறி என்பது. சனிக்கிழமை காய்ந்த செடிக்கு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றினால் இலை அன்று மாலையே நிமிர்ந்துவிடும். மொட்டோ செவ்வாய், புதன் என்று உதிரத் தொடங்கும். அப்போது மண் ஈரமாக இருப்பதைப் பார்த்துப் பலர் ‘தண்ணீர் அதிகமாகிவிட்டது’ என்று தவறாக முடிவு செய்து, செடியை இரண்டாவது முறையாகக் காய விடுகிறார்கள்.

தாகமா, வேர் அழுகலா?

வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர்க் குவளையைத் தேடுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். வேர் அழுகிய செடியும் தாகத்தில் இருக்கும் செடியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே தொங்கும். இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. மேல்மண் நம்மை ஏமாற்றும் என்பதால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு நுழைத்துப் பாருங்கள். ஆழமான தொட்டியாக இருந்தால், உணவங்காடியில் சாப்பாடு வாங்கும்போது கூடவே வரும் மரச் சாப்ஸ்டிக்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி நிறம் மாறாமல் சுத்தமாக வந்தால் மண் காய்ந்திருக்கிறது. கறுத்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் போதுமான அளவு இருக்கிறது. புளித்த வாடை வந்தால் வேர் அழுகல் தொடங்கிவிட்டது. இதற்கென்று விற்கப்படும் மலிவான ஈரமானிகளைவிட இந்தக் குச்சியை நான் நம்புகிறேன். நாள்பட்ட பழக்கத்தில் தொட்டியைச் சற்றுத் தூக்கிப் பார்த்து எடையாலேயே சொல்லிவிடலாம்.

நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். செம்பருத்தி போன்ற அகன்ற இலைச் செடிகள், மண்ணில் ஈரம் இருந்தாலும் உச்சி வெயிலில் சற்றுத் தளர்வது உண்டு. வெயில் இறங்கியதும் தாமாகவே நிமிர்ந்தால் அது கவலைப்பட வேண்டிய வாட்டம் அன்று. விடியற்காலையிலும் இலை தொங்கிக்கொண்டிருந்தால்தான் அது உண்மையான வறட்சி. செம்பருத்தியில் மொட்டு உதிர்ந்தால், உதிர்ந்த மொட்டைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே பூச்சியோ புழுவோ இருந்தால் தண்ணீர்மேல் பழி போட வேண்டியதில்லை. வறண்ட வாரங்களில் இலையின் அடிப்பகுதியில் மெல்லிய வலையும், மேலே ஊசிமுனை அளவு வெளிர்ப் புள்ளிகளும் தோன்றினால் அது செஞ்சிலந்திப் பேன். காய்ந்த செடியும் காய்ந்த காற்றும் அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்புறத்தில் படும்படி இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சியடிப்பதே முதல் மருந்து.

காய்ந்துபோன செடியை மீட்பது

தென்னை நார்த்துகளோ பீட் என்னும் கரிமண்ணோ கலந்த மண் ஒருமுறை முழுவதுமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுக்கும். குறிப்பாகப் பீட் மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடுகிறது. மேலே ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி, நொடியில் அடித்தட்டுக்கு வந்து சேர்கிறது. தட்டு நிறைந்ததைப் பார்த்து நாம் நிம்மதி அடைகிறோம். வேருக்கு ஒரு சொட்டும் போயிருக்காது. ஆகவே மேலிருந்து ஊற்றுவதை விட்டு, ஒரு வாளியில் தொட்டியின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி அதனுள் தொட்டியை இறக்கி வையுங்கள். காற்றுக்குமிழ்கள் வந்துகொண்டே இருக்கும். அவை நின்று மேல்மண் நனையும்வரை, ஏறத்தாழ இருபது முதல் முப்பது நிமிடம், அப்படியே விட்டுவிட்டுப் பிறகு எடுத்து வடிய விடுங்கள். இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டாம். மூச்சு முட்டிய வேர் இன்னொரு நோயைக் கொண்டுவரும்.

வடிந்த தொட்டியை இரண்டு மூன்று நாள் நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். மலர்ந்த பூக்களையும் பழுத்த மொட்டுகளையும் கிள்ளிவிடலாம். கிளைகளை மட்டும் உடனே வெட்டாதீர்கள். காய்ந்தது போலத் தெரியும் கிளையின் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இருக்கக்கூடும். அதில் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ துளிர் வரும். உரம் இடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணில் உப்பின் அடர்த்தி ஏற்கெனவே கூடியிருக்கும். அதன்மேல் உரமும் சேர்ந்தால் வேரிலிருந்து தண்ணீர் வெளியேறும் நிலைகூட ஏற்படலாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பது இந்த உப்புத்தான். புதுத் துளிர் இரண்டு இலை விட்ட பிறகு, வழக்கத்தில் பாதி அளவு உரம் போதும்.

நண்பகலில் தண்ணீர் ஊற்றினால் இலை வெந்துவிடும் என்ற அச்சம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அன்றாடப் பாசனத்துக்குக் காலை நேரமே சிறந்தது என்பது சரி. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு மண் காய்ந்து செடி துவண்டு கிடக்கும்போது மாலைவரை காத்திருக்கச் சொல்வது பொருளற்றது. தொட்டியை நிழலுக்கு நகர்த்தி உடனே மண்ணில் ஊற்றுங்கள்.

எந்தச் செடிக்கு எவ்வளவு தாகம்?

காகிதப்பூவிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் தாகத்தால் பயன் பெறுவதற்கு அதைவிடத் தெளிவான சான்று நம் கண்முன் இல்லை. பாதசாரி மேம்பாலங்களின் இருபுறமும் நீண்ட தொட்டிகளில் அது வழிந்து தொங்குவதை நாள்தோறும் பார்க்கிறோம். ஆழமில்லாத மண், மறைப்பில்லாத வெயில், அடிக்கடி வரும் லேசான தாகம் ஆகிய மூன்றும் அங்கே இயல்பாகவே அமைந்திருக்கின்றன. நாம் பூ என்று சொல்லும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவடிச் செதில்கள். நடுவில் இருக்கும் சிறிய வெளிர்க் குழல்தான் பூ. மற்ற நாடுகளில் பகல் குறுகும் பருவம் இச்செடியைப் பூக்கத் தூண்டும். சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம்கூட வேறுபாடு இல்லை. ஆகவே அந்தச் சைகையின் இடத்தைத் தாகம்தான் நிரப்ப வேண்டும்.

செய்முறை இதுதான். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை லேசாக வெட்டிவிட்டு, புதுக் கிளைகள் ஒரு சாண் நீளம் வளரும்வரை வழக்கம்போல் தண்ணீர் கொடுங்கள். பிறகு நிறுத்துங்கள். கிளை நுனிகள் துவளத் தொடங்கும் நாளில், அது மூன்றாம் நாளாகவும் இருக்கலாம், ஆறாம் நாளாகவும் இருக்கலாம், வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மீண்டும் துவளும்வரை காத்திருங்கள். இலைகள் பெருமளவில் மஞ்சளாகி உதிர்ந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். இப்படி இரண்டு மூன்று வாரம் சென்றதும் கிளையின் கணுக்களில் இலைபோலத் தோன்றினாலும் நிறம் வேறுபட்ட மிகச் சிறு செதில்கள் தெரியும். அன்றோடு பட்டினி முடிந்தது; முழுத் தண்ணீருக்குத் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் ‘தாகம்தானே பூவைக் கொடுத்தது’ என்று காய விட்டால், வந்த செதில்கள் நிறம் ஏறும் முன்பே உதிரும். நான்காம் ஆண்டில் என் செடி பூத்தபோது, இந்தத் தவற்றையும் நான் செய்து முடித்திருந்தேன். இன்னொன்று: நாளுக்கு ஐந்தாறு மணிநேர நேரடி வெயில் இல்லாத தாழ்வாரத்தில் இந்த முறை பலிக்காது. நிழலில் இருக்கும் செடியைப் பட்டினி போட்டால் கிடைப்பது பட்டினி கிடந்த செடி மட்டுமே.

மல்லிகைக்கும் ஒருவகைப் பட்டினி உண்டு. அது நம் முன்னோர் அறிந்தது. தமிழ்நாட்டில் மல்லிகை பயிரிடுவோர் நவம்பர் இறுதியில் செடியைக் காவாத்து செய்வதும், அதற்கு முன் பாசனத்தை நிறுத்தி வைப்பதும் வழக்கம். வெட்டிய பிறகு உரமும் தண்ணீரும் பெற்றுத் துளிர்க்கும் புதுக் கிளைகளில்தான் பூ வருகிறது. தொட்டியில் இதைச் சிறிய அளவில் செய்யலாம்: பூச்சுற்று முடிந்ததும் நான்கைந்து நாள் மண்ணின் மேற்பாதி காயும்வரை விட்டு, கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மக்கிய உரம் இட்டு நிறையத் தண்ணீர் கொடுங்கள். மல்லிகைக்கு இதற்குமேல் பட்டினி வேண்டாம். மொட்டு அரிசி அளவில் தெரியும் நாளிலிருந்து கடைசி மொட்டு விரியும்வரை மண் ஒரு நாள்கூட முழுதாகக் காயக் கூடாது. தைப்பூசத்துக்குச் சொந்தச் செடியின் பூவைச் சாத்த வேண்டும் என்று விரும்புபவர்கள், வறண்ட காற்று வீசத் தொடங்கும் அந்த வாரங்களில் காலையும் மாலையும் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

செம்பருத்தியைத் தாகத்தால் பூக்க வைக்க முடியாது. அதற்குச் சீரான ஈரமே வேண்டும். அதன் பூ ஒரே நாளில் சுருங்குவது இயல்பு என்பதால் மாலையில் பூ மூடுவதைக் கண்டு பதற வேண்டாம். இட்லிப்பூவின் வேர்கள் மெல்லியவை. கொத்தின் நடு மொட்டுகள் விரியாமல் நுனி கருகி நின்றால் அது காய்ந்த நாள்களின் தடயம். தொட்டியின் மேற்பரப்பில் இரண்டு விரல் கனத்துக்குத் தென்னை மட்டைத் துண்டுகளைப் பரப்பி வைத்தால் இச்செடி நன்றி சொல்லும். நித்தியகல்யாணி எதையும் தாங்கும்; அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

அடினியம் தன் பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேமித்து வைக்கும் செடி. மழை படாத தாழ்வாரம் அதற்குச் சாபமன்று, வரம். தண்டை விரலால் அழுத்தினால் கல்போல இருக்க வேண்டும். சற்று மென்மையாகி, தோல் சுருங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருக்கும்போதே மென்மையானால் அழுகல். அதன் பால் நச்சுத்தன்மை கொண்டது என்பதால் வெட்டும்போது கையுறை அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

ஆர்க்கிட் தனிக் கதை. 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் முழு வெயிலை விரும்பும். ஆனால் தாகம் பொறுக்காது, நாள்தோறும் நனைத்தாக வேண்டும். டென்ட்ரோபியம் வகைகள் பருத்த தண்டுகளில் நீரைச் சேமிப்பதால் இரண்டொரு நாள் தவணை கொடுக்கும். எதுவானாலும் வேரைப் பார்த்தே சொல்லிவிடலாம்: வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற உறை நனைந்தால் பச்சையாகவும் காய்ந்தால் வெள்ளி நிறமாகவும் தெரியும். காலையில் ஊற்றிய வேர் நண்பகலுக்குள் வெள்ளியாவது நல்லது. மறுநாள் காலைவரை பச்சையாகவே இருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

சீனப் புத்தாண்டுக்கு வாங்கும் சாமந்தித் தொட்டிகள் ஏன் பத்து நாளில் மடிகின்றன என்று பலர் கேட்பதுண்டு. கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிய சிறு தொட்டியில், வேர்கள் சுருண்டு நிறைந்த பீட் மண்ணில், நூறு பூவைச் சுமந்துகொண்டு அவை வருகின்றன. நீரை இழக்கும் பரப்பு அதிகம், சேமிப்பு மிகக் குறைவு. வாங்கிய அன்றே காகிதத்தைக் கழற்றி, வாளியில் முக்கி எடுத்து, பிற்பகல் வெயில் படாத இடத்தில் வைத்தால் அவற்றின் ஆயுள் கணிசமாக நீளும்.

வறட்சியும் மழையும் சேர்ந்துதான் பூவைக் கொண்டுவருகின்றன என்பதற்குச் சாலையோர டிரம்பெட் மரங்களைப் பார்க்கலாம். வறண்ட வாரங்களுக்குப் பிறகு பெரிய மழை ஒன்று பெய்ததும், மார்ச், ஏப்ரல் வாக்கிலும் மீண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலும் அவை வெளிர்ச்சிவப்பாகப் பூத்துக் குலுங்க, மக்கள் ‘சிங்கப்பூர் சக்குரா’ என்று படம் எடுக்கிறார்கள். தாகம் முடிந்த இடத்தில் தண்ணீர் வந்ததைத்தான் அவர்கள் படம் எடுக்கிறார்கள்.

தண்ணீர் ஊற்றும் முறையும் கொசுவும்

நாள்தோறும் அரைக் குவளை தெளிப்பதைவிட, மண் கேட்கும் நாளில் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுவது மேல். மேலாக நனைத்தால் வேர்களும் மேலாகவே படரும். ஒரே பிற்பகல் வெயிலில் அவை காய்ந்துவிடும். பூசப்படாத மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும் என்பதால் அடினியத்துக்கு அது பொருந்தும். மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் பிளாஸ்டிக் அல்லது மெருகிட்ட தொட்டி நல்லது. மேற்கு வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி சுட்டு வேரை வேக வைக்கும். அதை இன்னும் பெரிய வெளிர்நிறத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். குளிரூட்டியின் வெளிப்பெட்டி வெப்பக்காற்றை ஊதும் திசையில் எந்தப் பூச்செடியும் நிலைக்காது.

தொட்டித் தட்டில் தண்ணீர் தேக்கி வைப்பது வறட்சிக்கு எளிய தீர்வுபோலத் தோன்றும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம் போதும். அதன் முட்டையோ காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். எனவே தட்டைக் கொட்டுவதோடு துடைக்கவும் வேண்டும். கெட்டிப்பட்ட மண்ணைக் கிளறிவிடுங்கள் என்பதும் கொசு ஒழிப்பு அறிவுரைகளில் ஒன்று. நீரை ஏற்காத மண்ணின் மேல் தேங்கும் சிறு குட்டையும் கொசுவுக்குத் தொட்டில்தான். ஒரே வேலையில் செடிக்கும் நமக்கும் நன்மை. குழாய்த் தண்ணீரைக் குளோரின் போகட்டும் என்று ஒரு நாள் வாளியில் திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கு குழாய் நீரில் சேர்க்கப்படும் குளோரமைன் என்னும் கிருமிநாசினி ஓரிரவில் பறந்துவிடாது. அந்த அளவு செடியைக் கெடுப்பதும் இல்லை. நேராக ஊற்றலாம். உப்புச் சேராத அரிசி களைந்த நீரையும் ஊற்றலாம்.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது

ஜூனிலும் டிசம்பரிலும் இரண்டு மூன்று வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் குடும்பங்களின் பூச்செடிகள்தாம் மிக அதிகமாக மடிகின்றன. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே உரத்தை நிறுத்துங்கள். முதல் நாள் பூக்களையும் பெரிய மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் செய்யுங்கள். தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரோரத்திலிருந்து எடுத்து, வெயில் குறைந்த உட்பக்கச் சுவரோரம் நெருக்கமாக வையுங்கள். ஒன்றன் நிழலும் ஈரக்காற்றும் மற்றொன்றுக்கு உதவும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதியை அப்போதும் மறக்கக் கூடாது.

மல்லிகை, செம்பருத்தி போன்றவற்றுக்குத் திரிமுறை நம்பகமானது. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கலனைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, மூடியில் துளையிட்டுப் பருத்தித் திரி ஒன்றின் ஒரு முனையைக் கலனின் அடிவரை விட்டு, மறுமுனையைத் தொட்டி மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் புதையுங்கள். துளையைச் சுற்றி இடைவெளி இருந்தால் ஒட்டுநாடாவால் அடையுங்கள். கொசு நுழையும் இடுக்கு இருக்கவே கூடாது. திரியையும் மண்ணையும் முதலில் நன்றாக நனைத்துவிட வேண்டும்; காய்ந்த திரி தண்ணீரை இழுக்காது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அமைத்து, கலனில் நாளுக்கு எவ்வளவு குறைகிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

அண்டை வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைப்பதானால் அளவையும் சேர்த்து ஒப்படையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி அன்பு மிகுந்தவர். நாங்கள் ஊரில் இருந்த பதினெட்டு நாளும் அடினியம் உட்பட எல்லாவற்றுக்கும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். அடினியம் கூழாகிவிட்டது. இப்போது நாள்தோறும் நீர் வேண்டிய தொட்டிகளில் சிவப்பு நூலும், வாரம் ஒருமுறை போதும் என்பவற்றில் வெள்ளை நூலும் கட்டி, அளவுக்கு ஒரு மைலோ டின்னையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். அடினியத்தை வீட்டுக்குள் சன்னலோரம் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் தட்டுகளையும் கலன்களையும் பாருங்கள், பிறகு குச்சியைச் செருகி ஒவ்வொரு தொட்டியையும் பாருங்கள். முழுதாகக் காய்ந்தவை வாளிக்குப் போகட்டும். காகிதப்பூவைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அது இலை சிறிது உதிர்த்து, நுனி துவண்டு, பார்ப்பதற்குப் பாவமாக நிற்கும். கணுக்களில் நிறம் மாறிய செதில் ஏதும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதற்கு எத்தனை டின் தண்ணீர் என்று முடிவு செய்யுங்கள்.